கிண்ணம் வெறுமையாகத் திரும்பாத சந்து

ஆசிரியருக்கு வணக்கம்.

2015-16ல் வந்த ‘ரிப்ளை 1988’ கொரியத் தொடர் ஏன் மனசுக்கு இதமாக இருக்கிறது என்பதற்கு முதல் அத்தியாயமே பதில். சோல் நகரில் ஒரே சந்தில் ஐந்து குடும்பங்கள். ராச்சாப்பாட்டு வேளையில் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பதார்த்தத்தைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கிண்ணம் வெறுமையாகத் திரும்புவதில்லை. பலர் கூடிக் கிம்ச்சி (முட்டைக்கோசைக் காரத்தோடு புளிக்கவைக்கும் கொரிய ஊறுகாய்) போட்டுப் பகிரும் ‘கிம்ஜாங்’ வழக்கத்தை 2013ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் இந்தப் பண்புக்காகத்தான்.

தொடரைப் பார்த்துவிட்டுக் கிம்ச்சி போடுகிறவர்கள் பெரும்பாலும் உப்பில்தான் கோட்டை விடுகிறார்கள். 2 கிலோ சீன முட்டைக்கோசுக்குச் சுமார் 200 கிராம் கல் உப்பு. நீளவாக்கில் நான்காக வகுந்து, தடித்த வெள்ளைத் தண்டில் தாராளமாகவும் இலையில் லேசாகவும் தூவி, அவ்வப்போது புரட்டி 6 மணி நேரம் ஊற வேண்டும். தண்டு ஒடியாமல் வளைந்தால் பதம். மூன்று தண்ணீரில் அலசிக் கவிழ்த்து, ஒரு மணி நேரமாவது வடியவிடுங்கள்; அவசரப்பட்டால் பிறகு தடவும் மிளகாய் மசாலா நீர்த்துவிடும். கொரிய மிளகாய்த்தூளில் காரம் குறைவு. நம் குண்டூர் தூளை அதே அளவு போட்டால் வாயில் வைக்க முடியாது! ஜாடியில் முக்கால் பாகமே நிரப்புங்கள், புளிக்கும்போது சாறு பொங்கும். நம் வெயிலுக்கு ஒரு நாள் வெளியே போதும், பிறகு ஃப்ரிட்ஜில்.

தொடர் விமர்சனங்களோடு இந்தக் கைப்பக்குவங்களையும் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகி