கர்ப்பிணி வீட்டில் கன்று வீசும் மாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன், நுவரெலியா தோட்டப்புறங்களில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தையொட்டியே மாட்டுப்பட்டி இருக்கிறது. சினைமாடு 5ஆம் மாதத்துக்குப் பின் கன்று வீசினால், அதாவது கரு கலைந்து விழுந்தால், மாட்டிலிருந்து மனிதருக்கும் தொற்றும் கிருமி நோயான புருசெல்லோசிஸைச் சந்தேகிக்க வேண்டும். விழுந்த கன்றிலும் இளங்கொடியிலும் கிருமி மிக அதிகம். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. மற்றவர்கள் கையுறை, முகக்கவசம் அணிந்து, சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்கட்டும். பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள்.

தாய்க்குத் தொற்றினால் கரு கலையலாம். நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்கும் போகலாம். அப்படிப் பிறக்கும் குழந்தையின் காய்ச்சல், மஞ்சட்காமாலை, மூச்சுத்திணறல் வேறு கிருமித்தொற்றுப் போலவே தோன்றும். இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையிலும் இக்கிருமி மெதுவாகத்தான் வளரும். ஆகவே வீட்டில் மாடு இருப்பதை மருத்துவமாதுவிடமும் வைத்தியரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். பரிசோதனையின் திசையையே அது மாற்றும். இந்நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் டொக்சிசைக்ளின் மருந்து கர்ப்பிணிக்கு ஆகாது. றிஃபாம்பிசின் என்ற மருந்து அடங்கிய சிகிச்சையை, காய்ச்சல் விட்டாலும், வைத்தியர் சொன்னபடி 6 வாரமாவது நிறுத்தாமல் எடுக்க வேண்டும்.

வாசகர்,
ஹட்டன்