சரளைக்குள் இருக்கும் குஞ்சுகள்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. கட்லாவும் ரோகுவும் இந்த வருடம் நன்றாக முட்டையிட்டன என்று படித்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

இங்கே கலிஃபோர்னியாவில், நிம்பஸ் மீன் பொரிப்பகத்தில் என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். 1950-களில் அமெரிக்கன் ஆற்றின் குறுக்கே ஃபோல்சம், நிம்பஸ் அணைகள் எழும்பியதும், சால்மன் மேலே போய் முட்டையிடும் வழி அடைபட்டது. அதற்கு ஈடாகக் கட்டியதுதான் இது. ஆண்டுக்கு 40 லட்சம் சினூக் சால்மன், 4,30,000 ஸ்டீல்ஹெட் டிரவுட் குஞ்சுகளை வளர்த்து விடுவது இலக்கு. உன் கெண்டை முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். சினூக் முட்டைக்குப் பத்து டிகிரித் தண்ணீரில் சுமார் 50 நாள் வேண்டும். ஆறு 15, 16 டிகிரிக்கு இறங்கும்வரை மீன்கள் ஆற்றிலிருந்து பொரிப்பகத்துக்கு ஏறிவரும் நீர்ப்படியான மீன் ஏணியைத் திறக்க மாட்டோம். அது பெரும்பாலும் நவம்பர். அதுவரை ஃபோல்சம் ஏரியின் அடியில் எவ்வளவு குளிர்ந்த நீர் மிச்சம் என்பதே எங்கள் பேச்சு.

2020 தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் இந்த மத்தியப் பள்ளத்தாக்குப் பொரிப்பகங்களில் நடந்ததை உனக்கு எழுதவே இல்லை. குஞ்சுகள் பக்கவாட்டில் சாய்ந்து திருகாணி போலச் சுழன்றன; சில தொட்டியின் அடியில் கிடந்து துடித்தன. காரணம் தயமின், அதாவது வைட்டமின் பி1, குறைபாடு. கடலில் நெத்திலி பெருகி, தாய் மீன்கள் பெரும்பாலும் அதையே தின்றிருக்கின்றன. நெத்திலியில் தயமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. தயமின் கரைத்த தண்ணீரில் விட்டதும், சில மணி நேரத்தில் அதே குஞ்சுகள் நேராக நீந்தின! கண்ணால் பார்த்தால்தான் நம்புவாய். இப்போது தாய் மீனுக்கே ஊசி போடும் வழக்கம் வந்துவிட்டது. ஆனால் ஆற்றுச் சரளைக்குள் பொரிந்த குஞ்சுக்கு யார் தயமின் கரைத்துக் கொடுப்பார்கள்? அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. எங்கள் தொட்டிக் கணக்கு சரியாக இருக்கும் வருடத்திலேயே ஆற்றில் பிறந்த மீன் அழிந்துகொண்டிருக்கலாம்.

குஞ்சுகளை லாரியில் கொண்டுபோய் விடும் விவகாரத்திலும் இதே சிக்கல்தான். குஞ்சுகளை ஆற்றிலேயே விட்டால் கடலுக்குப் போகும் வழியிலுள்ள டெல்டாவைக் கடப்பதற்குள் ஸ்ட்ரைப்டு பாஸ் மீனுக்கு நிறைய இரையாகிவிடும். லாரியில் ஏற்றி சான் பாப்லோ விரிகுடாவில் விட்டால் கூடுதலாகப் பிழைக்கும். ஆனால் கீழே இறங்கும் வழியில்தான் குஞ்சு தன் ஆற்றின் மணத்தைப் பதித்துக்கொள்கிறது. லாரியில் போனவற்றில் பல திரும்பும்போது வழிதவறி வேறு ஆற்றில் ஏறி, அங்கே பிறந்த மீனோடு கலந்துவிடும். கொடும் வறட்சியில் லாரி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆற்றில் தண்ணீர் ஓடும் வருடத்திலும் லாரி கேட்பதைத்தான் எதிர்க்கிறேன். 2023-லும் 2024-லும் கலிஃபோர்னியாக் கடலில் சால்மன் பிடிக்கவே தடை போட்டார்கள். படகு வைத்திருப்பவர்கள் இன்னும் குஞ்சு விடுங்கள் என்று கேட்பது நியாயம்தான்.

ஸ்டீல்ஹெட் கதை வேறு. நீலகிரி ஓடைகளில் நாம் பார்த்தோமே ரெயின்போ டிரவுட், அதே இனம்தான். இது கடலுக்குப் போய் வரும். சினூக் முட்டையிட்டதும் செத்துவிடும், ஸ்டீல்ஹெட் பிழைத்துக் கடலுக்குத் திரும்பக் கூடியது. நாங்கள் வளர்ப்பதன் மூதாதையர் வடகடலோர ஈல் ஆற்றிலிருந்து வந்தவை. அதனால் 1998-ல் மத்தியப் பள்ளத்தாக்கு ஸ்டீல்ஹெட்டை அருகிவரும் பட்டியலில் சேர்த்தபோது எங்கள் மீனுக்கு அதில் இடமில்லை. ஓரிகானின் ஹூட் ஆற்று ஸ்டீல்ஹெட்டை ஆராய்ந்து அராகியும் ப்ளூயினும் மற்றொருவரும் 2007-ல் வெளியிட்ட கட்டுரையைத் தேடிப் படி. தொட்டியில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் சந்ததி விடும் திறன் சுமார் 40 சதவீதம் குறைகிறதாம்.

ஸ்டீல்ஹெட் எல்லாவற்றுக்கும் முதுகின் பின்பக்கத்துச் சிறு கொழுப்புத் துடுப்பை வெட்டிவிடுகிறோம். பார்த்ததும் வளர்ப்பு மீன் என்று தெரியும். இலையுதிர்காலத்தில் ஆறேறும் எங்கள் சினூக்கில் நாலில் ஒன்றுக்குத்தான் வெட்டு. வெட்டில்லாத சினூக் ஒன்று ஏணியில் ஏறினால் அது ஆற்றில் பிறந்ததா, தொட்டியில் பிறந்ததா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. செலவானாலும் எல்லாவற்றுக்கும் வெட்ட வேண்டும் என்பது என் கட்சி. ஆற்றில் பிறந்தது எத்தனை என்று தெரியாமல் அதைக் காப்பாற்றுகிறோம் என்று எப்படிச் சொல்வது?

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பண்ணையில் தாய் மீன்களைக் கடைசியாக எப்போது ஆற்றிலிருந்து பிடித்து மாற்றினீர்கள்? நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? விவரமாக எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் நண்பன்