பெரட்டுக்கு வந்துட்டேன்

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா.

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் நலம். நீங்களும் அப்பாவும் ஆச்சியும், அக்காவும் பிள்ளைகளும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன்.

இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன் அம்மா. வந்த நாளிலிருந்து எல்லாக் கடிதத்திலும் இதைத்தான் முதலில் எழுதுகிறேன். எழுதியதில் பாதி நாள்கூட ஜெபித்திருக்க மாட்டேன். ஐந்து மாதமாகக் கடிதம் போடாததற்கும் அதுதான் காரணம். வேலை அதிகம் என்று போனில் சொன்னது சும்மா.

டெய்லர் மாமா மகன் பொட்டலத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தான். கருப்பட்டியில் பாதியை அவனே தின்றிருப்பான் என்று சந்தேகம், கேட்கவில்லை. முறுக்கு நொறுங்கிவிட்டது, தூளையும் விடவில்லை. உள்ளே மடித்து வைத்திருந்த உங்கள் காகிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் எனக்கு என்று எழுதியிருந்தீர்கள்: “ஜெபம் பண்றியா, இல்ல பேருக்கா?” போனில் கேட்டால் “ம்” என்று சொல்லித் தப்பிக்கலாம். காகிதத்தில் “ம்” போட முடியவில்லை.

சரி, முதலில் இங்குள்ள கதை. கடை எப்போதும்போல நடக்கிறது. நான் தோசைக் கல்லில்தான் நிற்கிறேன். இங்கே தோசைக்குச் சாம்பார் போதாது, மேலே பருப்புக் கறியையும் ஊற்றிக் குளிப்பாட்டி விடுவார்கள். முதல் மாதம் பார்க்கவே மனசு ஆறவில்லை, இப்போது நானே அப்படித்தான் சாப்பிடுகிறேன். ஒன்றும் போடாத வெறும் தோசைக்கு ‘கோசோங்’ என்று பெயர். சர்க்கரை இல்லாத கட்டங்காப்பியும் கோசோங், காலியான நாற்காலியும் கோசோங். சாப்பிட்டாயா என்று யாரும் கேட்பதில்லை, “பசியாறியாச்சா?” என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. குளிர் கிடையாது, சாயங்காலமானால் மழை கொட்டும். ஊர்ப் பெயருக்கு நத்தை ஆறு என்று அர்த்தம். ஆற்றில் நத்தை இருக்கிறதோ என்னவோ, இறங்கிப் பார்க்க நேரமில்லை.

சம்பளம் ஒழுங்காக வருகிறது. போன இரண்டு தடவை குறைத்து அனுப்பியதற்குக் காரணம் ரேட் இறங்கியதுதான். கடை மாடியில் ஒரே அறையில் ஏழு பேர் படுக்கிறோம், அதனால் தனிமை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஜெபத்துக்கும் இடமில்லை, அதுதான் தொந்தரவு. ‘உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி’ என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இருப்பதைச் சின்ன வயதில் எனக்கு மனப்பாடம் பண்ண வைத்தீர்கள். பூட்ட ஒரு கதவு இருந்தால்தானே அம்மா? இங்கே தாழ்ப்பாள் உள்ள கதவு கழிவறைக்கு மட்டும்தான். அங்கே இரண்டு நிமிஷத்துக்கு மேல் நின்றால் வெளியிலிருந்து தட்டுவார்கள். ஒரு மணி நேரம் விழித்திருக்கக் கூடாதா என்று கெத்செமனேயில் ஆண்டவர் கேட்டதை நினைத்து, ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு பாயிலேயே முழங்கால் போட்டேன். விடியும்போது அதே முழங்காலில் தலை தொங்கக் கிடந்தேன். பக்கத்துப் பாயில் படுப்பவர் எனக்கு ஏதோ வியாதி என்று பயந்துவிட்டார்.

தூங்காத நாளிலும் பிரயோஜனமில்லை. நம் சபை ஐயர் பண்ணுகிற மாதிரி ‘மகா பரிசுத்தமும் கிருபையுமுள்ள’ என்று தொடங்குவேன். மூன்றாவது வரியில் மனசு பெர்மிட் கணக்குக்குப் போய்விடும். வாய் மட்டும் ஆமென் வரை ஓடும். வீண்வார்த்தைகளை அலப்பாதிருங்கள் என்று சொன்னது என்னைப் பார்த்துத்தான் என்று பட்டது. அப்புறம் விட்டே விட்டேன். மூன்று மாதம் ஒன்றுமில்லை. கோசோங்.

ரொட்டி சானாய் போடும் பாயைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, ராமநாதபுரத்துக்காரர். அவர் ஸ்டோரில் அரிசி மூட்டைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் விரிப்பைப் போட்டால் அந்த இடமே அவருக்கு அறைதான். வெளியே எவ்வளவு சத்தம் இருந்தாலும் அவர் முகம் அசையாது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. திசைக்காக மாடி அறையின் கூரையில் ஓர் அம்புக்குறி ஒட்டியிருக்கிறார். ஒருநாள் படுத்துக்கொண்டே யோசித்தேன், நம் ஊரும் ஏறக்குறைய அதே பக்கம்தான். தானியேல் எருசலேமுக்கு நேராகப் பலகணியைத் திறந்து வைத்து நாளைக்கு மூன்று வேளை ஜெபித்தானே, அது ஞாபகம் வந்தது. அவருக்கு மக்கா, எனக்கு நம் தெரு. மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரம் பனைகளுக்கு மேலே எழும்பி நிற்கும் அல்லவா, கண்ணை மூடினால் அது தெரியும். ஆனால் கோபுரம் தெரிந்ததே தவிர ஜெபம் வரவில்லை.

வந்தது ஒரு கிழவரால். கடைக்குப் பின்சந்தில் தினம் காலை ஐந்து மணிக்கு ஒரு தாத்தா சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தனியாக யாரிடமோ பேசுவார். மாவு அள்ள வரும்போது எனக்குக் கேட்கும். “ஐயா, வந்துட்டேன். நேத்து அந்தப் பையனத் திட்டுனது தப்பு. முட்டி வலிக்குது. சின்னவன் இன்னும் போன் பண்ணல. சரி, வரேன்.” அவ்வளவுதான். பிறகு உள்ளே வந்து கோசோங் ஒன்று குடித்துவிட்டுப் போவார். மூளை கலங்கியவர் என்றுதான் நினைத்தேன். ஏலி ஆசாரியன் அன்னாளைக் குடிகாரி என்று நினைத்த மாதிரி.

அப்புறம் தமிழ்ச் சபைக்குப் போன ஒருநாள் பார்த்தால் கடைசி பெஞ்சில் அவர். எனக்கு ஞாயிறு லீவு கிடைப்பது அபூர்வம், அன்றுதான் கடையில் கூட்டம். அவர் ஐம்பது வருஷத்துக்கு மேல் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். அந்தத் தோட்டமெல்லாம் இப்போது செம்பனை. லயத்து வீடுகள் போய்விட்டன, இப்போது தாமான் என்கிற குடியிருப்பில் சின்ன வீடு. இந்த ஊர்க்காரரான சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அவருடைய அப்பா பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினாராம். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம், அவற்றைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்கத்தான் அந்தச் சங்கம். அந்தக் கதையை ஆரம்பித்தால் விடமாட்டார்.

சந்தில் என்ன பேசுகிறீர்கள் தாத்தா என்று கேட்டேன். “பெரட்டு” என்றார். எனக்குப் புரியவில்லை. தோட்டத்தில் விடியுமுன் எல்லாரும் வரிசையாக நின்று கிராணியிடம், அதாவது கணக்கரிடம், பேர் கொடுக்க வேண்டும், அதற்குப் பெரட்டு என்று பெயர். “கிராணி பேரு கூப்பிடுவாரு. ஐயா, இருக்கேன்னு சொல்லணும். அவ்ளோதான். அங்க போயி பாட்டுப் பாடுனா அடிப்பானுங்க. ஆனா பேரு குடுக்காட்டி அன்னிக்குச் சம்பளம் இல்ல.”

ஒரு மணி நேரம் ஜெபிக்கப் பார்த்துத் தூங்கிப்போனதைச் சொன்னேன். சிரித்தார். “ஒரே நாள்ல ஆழமா வெட்டுனா மரத்துக்குக் காயம் தம்பி. பட்டைய மெலிசாச் சீவணும். அதுவும் இருட்டோட சீவுனாத்தான் பால் ஓடும். வெயில் ஏறுனா நின்னுடும்.” பிறகு என் பேரைக் கேட்டார். சொன்னேன். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “சாமுவேல்னு பேர வச்சுக்கிட்டு, உனக்கு நான் பெரட்டு சொல்லிக் குடுக்கணுமாடா?”

‘இதோ, இருக்கிறேன்’ என்று அந்தப் பிள்ளை ஏலியிடம் ஓடிய கதையை எத்தனை ராத்திரி நீங்கள் சொல்லியிருப்பீர்கள். எனக்கு அது உறைக்க இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது.

இப்போது நாலேகாலுக்கு மற்றவர்களுக்கு முன்னால் கீழே இறங்கிவிடுகிறேன். கிரைண்டர் பக்கத்தில் காலி எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவேன். வந்துட்டேன் என்று சொல்வேன். நாளைக்கு ஒரு சங்கீதம், வரிசையாக. பத்து நிமிஷம், கிரைண்டரைப் போடும் வரைதான். இப்போது அறுபத்திரண்டு வரை வந்திருக்கிறேன். சங்கீதக்காரர்கள் நம்மைப்போல மரியாதை பார்ப்பதில்லை அம்மா. ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று பதின்மூன்றாம் சங்கீதத்தில் முகத்துக்கு நேரே கேட்கிறார் தாவீது. அப்படிக் கேட்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்று நானும் கேட்டேன். என்ன கேட்டேன் என்பது வேண்டாம்.

இங்கே மளிகைக் கடையில் கடன் எழுத 555 என்று சின்ன நோட்டு விற்கும். அதில் ஒன்றின் பின்பக்கத்தில் பெயர்கள் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் மூட்டு, அப்பாவின் சர்க்கரை, தங்கச்சி சம்பந்தம், பாய் மகளின் பரீட்சை. எழுதி வைத்தால் மனசு அலைவது குறைகிறது. அலைந்து போனாலும் அது எதில் போய் நிற்கிறதோ அதையும் எழுதிவிடுகிறேன், அதுவும் ஜெபத்துக்குரிய விஷயம்தானே. முன்பக்கத்தில் வேறு கணக்கு, அதை விடுங்கள்.

ஏழரை மணிக்கு, அதாவது அங்கே ஐந்துக்குக் காலை ஜெப மணி அடிக்கும்போது, என் கல்லில் ஆறு தோசை கிடக்கும், நாலு பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்துக்கு நெகேமியாதான் துணை. அவனும் பரிமாறுகிற ஆள்தான், ராஜாவுக்குப் பானபாத்திரக்காரன். ராஜா கேட்ட கேள்விக்கும் தான் சொன்ன பதிலுக்கும் நடுவில் ஒரு ஜெபம் பண்ணிவிட்டான். கரண்டியைக் கீழே வைக்காமல் பண்ணுகிற ஜெபம். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒரு மடத்துச் சமையல்காரர் பாத்திரங்களுக்கு நடுவிலேயே தேவனோடு பேசிக்கொண்டிருந்தாராம், இங்குள்ள போதகர் சொன்னார். அவருக்கும் முதலில் சமையல் வேலை பிடிக்காதாம். அதைக் கேட்டதும் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

எல்லா நாளும் இனிக்கிறது என்று நினைக்காதீர்கள். போன வாரம் மூன்று நாள் டின்னில் உட்கார்ந்து வந்துட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். அதற்கு முந்தின வாரம் சந்தையில் குலா மெலாக்கா என்று வெல்லம் வாங்கினேன், தென்னம்பாளையில் இறக்கியது. நிறம் நம் கருப்பட்டி மாதிரியே, அச்சு மட்டும் சில்லு இல்லை, உருளை. காலையில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உடன்குடிக் கருப்பட்டி மாதிரியே தொடங்கி, கடைசியில் வேறெங்கோ போய்விட்டது அம்மா. அன்றைக்குச் சங்கீதம் வாசிக்கவில்லை. கிரைண்டரை முன்னாலேயே போட்டுவிட்டேன், சத்தம் இருக்கட்டும் என்று.

இனி வரும் பத்தியை அப்பாவுக்கு வாசிக்க வேண்டாம். முதலில் நீங்கள் படித்துவிட்டு எப்படிச் சொல்வது என்று பாருங்கள்.

நோட்டில் எல்லாப் பெயரையும் எழுதிவிட்டேன், பெரியண்ணன் பெயரை மட்டும் எழுதவில்லை. ஜெபிக்க நிற்கும்போது யார் மேலாவது குறை இருந்தால் மன்னியுங்கள் என்று மாற்குவில் வருகிறதே, அந்த இடத்துக்கு வந்தால் சுற்றிப் போய்விடுவேன். கிணற்று விளையை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அடமானம் வைத்தது தப்புதான், இன்றைக்கும் தப்புதான் என்பேன். ஆனால் மகள் நர்சிங் படிப்புக்குத்தானே வைத்தான், குடித்து அழிக்கவில்லை. ஒருநாள் பெயரை எழுதினேன். வாயால் சொல்லப் பதினோரு நாள் ஆனது. சொன்ன அன்று கோபம் போய்விடவில்லை, ஆனால் பெயர் நோட்டில் இருக்கிறது.

அதனால் விளையில் என் பங்கை அவன் பேருக்கே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எனக்கு இப்போதைக்குப் பணத் தேவை ஒன்றுமில்லை. லீவில் வரும்போது பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். எப்போது லீவு என்று இன்னும் தெரியவில்லை. அதுவரை மூலப் பத்திரம் உங்கள் டிரங்குப் பெட்டியிலேயே இருக்கட்டும், மைனி கேட்டாலும் கொடுக்க வேண்டாம். மன்னிப்பு வேறு, பத்திரம் வேறு.

தங்கச்சி விஷயத்தில் சாயர்புரத்து இடத்தை விடாதீர்கள். பையன் அரசாங்க வேலையில் இல்லை என்று அத்தை முகம் சுளிப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கிற தேதி குறிப்பதற்கு முன் எனக்குச் சொல்லுங்கள். பெரியண்ணனும் முன்னால் நிற்கட்டும், அவன் இல்லாமல் பேச்சு வேண்டாம். ஆச்சிக்குக் கண் ஆபரேஷனை இன்னும் தள்ளிப்போடக் கூடாது. மேற்குச் சுவரில் மழைத் தண்ணீர் இறங்குகிறது என்று அக்கா சொன்னாள், இப்போதைக்கு நாலு ஓடு மாற்றினால் போதும்.

இன்னொன்று. குடும்ப ஜெபத்தை எட்டு மணிக்குப் பதில் எட்டரைக்கு வைக்க முடியுமா? எட்டு என்றால் இங்கே பத்தரை, சட்டி கழுவிக்கொண்டிருப்பேன். பதினொன்றுக்குக் கை காய்ந்துவிடும். அப்பாவுக்குத் தூக்கம் வரும் என்று தெரியும். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போன் வேண்டாம், நீங்கள் ஆரம்பித்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மகன்
சாமுவேல்

பி.கு: போன வருஷம் கோயில் அசன விருந்துக்கு என் பேரில் ஆடு கொடுத்தோம். இந்த வருஷம் ஒரு மூட்டை வெங்காயம் என்று கோயில் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். ரேட் இறங்கியதுதான் காரணம், வேறொன்றுமில்லை.