நிலம் உங்களுடையது, சுவர் எங்களுடையது

ஆற்றங்கரை வீடுகளை அகற்றும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன் குறைதீர் கூட்டத்தில் அம்மா கொடுத்த மனுவுக்கு இந்த வாரம் பதில் வந்தது. ஒரே வரி. ஆக்கிரமிப்புக் கட்டடத்துக்கு இழப்பீடு வழங்க வழிவகை இல்லையாம். அம்மா இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னார். "தரை அவங்களோடதுன்னு எனக்கும் தெரியும். சுவரு என்னோடது இல்லையா?" என்று கேட்டார். அதே கேள்வியை உங்களிடம் வைக்கிறேன்.

சென்னையில், அடையாற்றின் கரையில் அந்த வீடு ஓலைக் குடிசையாகத்தான் தொடங்கியது. அப்பா இருந்தபோது ஷீட் போட்டோம். குழுவில் கடன் வாங்கி ஹாலோ பிளாக் சுவர் எழுப்பினோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பாதி போனது. அதையும் அம்மா திரும்பக் கட்டினார். மின் இணைப்பு கொடுத்தீர்கள், வீட்டு வரி வாங்கினீர்கள், அந்த முகவரிக்கு வாக்காளர் அட்டை தந்தீர்கள். இடிக்க வந்த அன்று மட்டும் அது வீடாக இல்லாமல் ஆக்கிரமிப்பாகிவிட்டது. சுவருக்கு உரிய விலையைக் கொடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

மாற்று வீடு கொடுத்தோமே என்பீர்கள். கொடுத்தீர்கள், மறுக்கவில்லை. நகரத்தின் தென்கோடியில், ஏழாவது மாடியில். அம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. பழைய இடத்திலிருந்து நடந்தே போய் நாலு வீட்டில் வேலை பார்த்தார். வீட்டுக்கு மூவாயிரம், மாதம் பன்னிரண்டாயிரம். ஆறு மணிக்குள் முதல் வீட்டில் பாத்திரம் கழுவி முடித்தால்தான் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு டிபன் கட்ட முடியும். இங்கே வந்த பிறகு நாலு மணிக்கே எழுந்தார். லிஃப்ட் ஓடாத நாளில் இருட்டில் ஏழு மாடி இறங்கி, பஸ் பிடித்து, இன்னொரு பஸ் மாறி அங்கே சேரும்போது ஏழரை. முதல் வாரம் பொறுத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒவ்வொருவராக, "வேற ஆள் பார்த்துட்டோம்மா" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்று மிஞ்சியிருப்பது ஒரே வீடு.

பெண்களுக்குப் பஸ் கட்டணம் இல்லையே என்று ஒரு அலுவலர் சொன்னார். அந்த உதவிக்கு நன்றி. ஆனால் அம்மா இழந்தது டிக்கெட் காசை இல்லை, நேரத்தை. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கு நீங்கள் அறிவித்த தொகை என்ன? இடம் மாற 5,000 ரூபாய், பிறகு மாதம் 2,500 ரூபாய் வீதம் ஓராண்டுக்கு. ஆக மொத்தம் 35,000. அம்மாவுக்கு மாதம் ஒன்பதாயிரம் நின்றுபோயிருக்கிறது. நான்கே மாதத்தில் கணக்கு தீர்ந்துவிடுகிறது. பிழைப்பும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. உங்களுக்குத் தெரியாததில்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் கல்யாணமான மகனும் பெற்றோரும் ஒரே கதவு எண்ணில் இருந்தார்கள். இரண்டு அடுப்பு எரிந்த வீடு. கணக்கெடுப்பில் ஒரு குடும்பம் என்று எழுதியதால் ஒரு ஒதுக்கீடுதான். இப்போது மகன் வாடகை வீடு தேடி அலைகிறார்.

வெள்ளத்திலிருந்து காப்பாற்றத்தான் எங்களைக் கிளப்பினீர்கள் என்கிறீர்கள். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: சுனாமிக்குப் பிறகு மக்களைக் கொண்டுபோய் வைத்த செம்மஞ்சேரியில் பெருமழைக்கு வீடுகளுக்குள் தண்ணீர் புகுகிறது. இப்படி அகற்றப்பட்டவர்களைக் குடிவைக்கும் பெரும்பாக்கம் அடுக்குமாடிகள் நிற்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில். நீர்நிலையில் இருக்கிறாய் என்று சொல்லி ஏழையை எழுப்பி, இன்னொரு நீர்நிலையின் பக்கத்தில் உட்கார வைப்பது எந்தப் பாதுகாப்பு? அதே நீர்நிலைகளை ஒட்டி உயர்ந்த பெரிய கட்டடங்களின் வாசலில் ஜேசிபி நின்று நான் பார்த்ததில்லை.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது, அதை எதிர்த்து ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகு, அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தரப்படும் என்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். பக்கத்திலேயே வீடு கொடுப்பது பற்றி அரசால் யோசிக்க முடியும் என்று அன்று தெரிந்தது. அதற்கு ஒரு உயிர் போக வேண்டியிருந்தது.

கோபத்தில் ஏதேனும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு கேட்கிறேன். இடித்த சுவருக்கு விலை வையுங்கள். போன வேலைக்கு ஈடு கொடுங்கள், அடுத்த வேலை கிடைக்கும் வரைக்கும். எங்களுக்குப் பிறகு காலி செய்யப்படும் தெருக்களிலாவது, இடிக்கும் முன்பே ஒவ்வொரு வீட்டையும் பொறியாளரை வைத்து மதிப்பிட்டு, அந்தத் தொகையை அவர்கள் கையில் எழுத்தில் கொடுங்கள்.

சிமெண்ட், கம்பி வாங்கிய ரசீதுகளை அம்மா ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறார். வெள்ளத்தில் நனைந்து காய்ந்தவையும் அதில் இருக்கின்றன, எழுத்து இன்னும் படிக்க முடிகிறது. எந்த நாளில், எந்த அறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னால் அவரை அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அந்த வீட்டில் பிறந்த மகள்