பல்பு எரிகிறது, ரேடியோ கேட்கவில்லை: 14 பல்புகளையும் மாற்றித் தாருங்கள்

வணக்கம்.

தீபாவளிக்கு முன்னால் காரைக்குடியில் உங்கள் 9 வாட் எல்இடி பல்பு 14 வாங்கி, பள்ளத்தூர் வீட்டில் முகப்பிலிருந்து சமையல்கட்டு வரைக்கும் மாட்டினேன். வெளிச்சத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து ரேடியோவில் மத்திய அலையில் திருச்சி நிலையம் எடுக்கவில்லை. 936 கிலோஹெர்ட்ஸில் முள்ளை வைத்தால் கொர்ரென்று ஒரே இரைச்சல், மதுரை 1269-க்கும் அதே கதி.

எங்கள் அப்பச்சிக்கு 84 வயது, கண் மங்கிவிட்டது, பட்டாலையில் உட்கார்ந்து ரேடியோ கேட்பதுதான் அவர்களுக்குப் பொழுது. ரேடியோதான் கெட்டுவிட்டது என்று இரண்டு தடவை ரிப்பேருக்குக் கொடுத்தோம். கடையில் நன்றாகப் பாடுகிறது, வீட்டுக்கு வந்தால் இரைகிறது. ஒரு ராத்திரி கரண்ட் போனபோது பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவில் திருச்சி தெளிவாக வந்தது, கரண்ட் வந்ததும் மறுபடி இரைச்சல். "தம்பி, கோளாறு ரேடியோவுல இல்லப்பா, லைட்டுல" என்று அப்பச்சிதான் முதலில் சொன்னார்கள்.

அப்புறம் ஒவ்வொரு பல்பாக அணைத்துப் பார்த்தேன். அணைக்க அணைக்க இரைச்சல் இறங்கியது. கழற்றி வைத்திருந்த பழைய சிஎஃப்எல்லைத் திரும்ப மாட்டினால் இந்த அளவுக்கு இல்லை.

ஒரு பல்பை உடைத்தும் பார்த்துவிட்டேன். உள்ளே டிரைவர் போர்டில் (எல்இடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் சர்க்யூட்), கரண்ட் நுழைகிற இடத்தில் காயிலுக்கென்று எல்1 என அச்சடித்த இடம் இருக்கிறது, அதில் காயில் இல்லை, வெறும் கம்பித் துண்டை வைத்துப் பற்ற வைத்திருக்கிறீர்கள். பக்கத்தில் கெபாசிட்டருக்கு விட்ட இடம் காலி. டிரைவர் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை ஆன், ஆஃப் ஆகிறது, அந்த அதிர்வெண்ணின் மடங்குகள் மத்திய அலை வரைக்கும் ஏறுகின்றன, அதைத் தடுக்கத்தானே அந்தக் காயிலும் கெபாசிட்டரும்? அது இல்லாததால் இரைச்சல் அப்படியே ஒயருக்குள் இறங்குகிறது. எங்கள் வீட்டுக்கு இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். அந்த நீளத்துக்கும் ஓடுகிற ஒயர் முழுக்க உங்கள் பல்புக்கு ஏரியலாகிவிட்டது.

இரைச்சலை அடக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையத்தில் ஒயரை எட்டுச் சுற்று சுற்றியதில் ஒரு பல்பின் இரைச்சல் கொஞ்சம் குறைந்தது, ஆனால் 14 ஹோல்டருக்கும் நான் வளையம் மாட்ட முடியுமா? உள்ளே வைக்க வேண்டியது நீங்கள்.

கடைக்காரரிடம் கேட்டால் "லைட் எரியுதுல்ல சார்?" என்கிறார். உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண், போனில் ரேடியோ கேட்கச் சொன்னார். 84 வயதில் கண் தெரியாதவர்கள் போனைத் தடவித் தடவி ஸ்டேஷன் தேட வேண்டுமா?

டப்பாவில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறது, சரி, அது பாதுகாப்புக்கு. விளக்குகள் கிளப்பும் ரேடியோ இரைச்சலுக்கு சிஐஎஸ்பிஆர் 15 என்ற சர்வதேசத் தரநிலையில் தனியாக ஒரு வரம்பு இருக்கிறதே, இந்த பல்பை அதற்குச் சோதித்தீர்களா? சோதித்திருந்தால் அந்த அறிக்கையை அனுப்புங்கள்.

உடைத்தது உட்பட 14-க்கும் அந்தக் காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்த ஃபில்டர் வைத்த பல்புகளை 15 நாளுக்குள் தாருங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்புங்கள். பில்லும், உடைத்த போர்டின் படமும், இரைச்சலைப் பதிவு செய்த ஆடியோவும் இணைத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.