இந்த முறை கறுப்பு ஏன் குறைவு எண்டு கேட்ட எல்லாருக்கும்

அன்பான அம்மாமார், அக்காமார், அண்ணாமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

எங்கட துணிக்கடையில புதுச் சாமான் இறக்கின நாளில இருந்து வாற கனபேர் ஒரே கேள்விதான் கேக்கிறீங்கள், என்ன இந்த முறை கறுப்பும் நேவி புளூவும் மண்ணிறமும் இவ்வளவு குறைவு, றாக்கை முழுக்க மஞ்சளும் பச்சையும் ரோசுமா கிடக்குது எண்டு. சனம் நிக்கிற நேரம் ஒவ்வொருத்தருக்கும் ஆறுதலா விளங்கப்படுத்த ஏலாமல் போட்டுது, அதாலதான் இந்த மடல்.

கிளிநொச்சியில கடை திறந்த நாளில இருந்து நாங்கள் பாத்தது இதுதான், எங்கட சனத்திட்ட கலர் உடுப்பு இல்லாமல் இல்லை, எல்லாம் அலுமாரிக்குள்ள இருக்கு. வற்றாப்பளைப் பொங்கலுக்கு எடுத்தது ஒண்டு, கலியாண வீட்டுக்கு ரெண்டு, பிள்ளையின்ர சாமத்திய வீட்டுக்கு எடுத்த பட்டு ஒண்டு, அதுகள் வருசத்தில நாலு நாள் வெளியில வரும் பிறகு திரும்ப மடிச்சு உள்ள போயிடும், மிச்ச நாள் முழுக்க ஒப்பிசுக்கும் சந்தைக்கும் பிள்ளையை ரியூசனில கொண்டுபோய் விடவும் அதே மங்கல் உடுப்புத்தான். 2009 க்குப் பிறகு மீளக்குடியேறி வந்த நேரம் அப்பிடி இருந்தது சரி, அப்ப குடுத்ததை உடுத்தம், அளவு சரியோ எண்டு கூடப் பாக்கேல்லை, கலர் ஆர் பாத்தது. ஆனா அந்தப் பழக்கம் அப்பிடியே நிண்டுட்டுது எண்டு எங்களுக்குப் படுது. ஒரு நாளுக்கு எண்டு எடுத்து வைக்கிற கலரை விட, செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போகேக்க உடுத்துற கலர்தான் ஆளுக்குக் கூட உதவும், அதுதான் எங்கட எண்ணம்.

கறுப்பு எண்டா ஊத்தை தெரியாது எண்டு சொல்லுவீங்கள். உண்மையாச் சொல்லுறம், எங்கட இடத்துக்கு அது சரிவராது. உள் றோட்டுகளில இருந்து மோட்டச்சைக்கிளில வாற ஆக்கள் யோசிச்சுப் பாருங்கோ, சோளகம் வீசுற மாசங்களில கடை வாசலில வந்து இறங்கேக்க கறுப்புக் களிசானில கிறவல் புழுதி பூசினமாதிரி நிக்கும், முகத்துக்குப் போட்ட பவுடர் கூட கறுப்புச் சட்டையின்ர கழுத்தடியில வெள்ளையாத் தெரியும். செங்கட்டிக் கலர், கடுகு மஞ்சள், சின்னப் பூப்போட்ட துணி இதுகளிலதான் அந்தப் புழுதி மறையும். வெயிலும் அப்பிடித்தான், கறுப்பு வெக்கையை உள்ள இழுத்து வைக்கும், பஸ் தரிப்பிடத்தில பத்து நிமிசம் நிண்ட ஆளுக்கு அதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

அடுத்த கதை, "பிள்ளை, நான் கறுப்பு, எனக்கு மஞ்சள் எடுபடாது". இதை ஒரு நாளைக்கு நாலு தரமாவது கேக்கிறம், ஒவ்வொரு தரமும் மனசுக்குக் கஸ்ரமா இருக்கும். எங்கட நிறத்துக்கு எடுபடாதது எண்டா வெளிறின சந்தனக் கலரும் சாம்பலும்தான், அதுகள்தான் முகத்தைக் களைச்ச மாதிரிக் காட்டும். மாம்பழ மஞ்சள், மயில் நீலம், நாவல்பழக் கலர், நல்ல கடும் ரோஸ் இதெல்லாம் கறுத்த நிறத்திலதான் தூக்கி நிக்கும். நம்பாட்டிக்கு கடைக்கு வாங்கோ, ஆனா உள்ளுக்க ரியூப் லைட்டுக்குக் கீழ நிண்டு முடிவெடுக்க வேண்டாம். ரியூப் லைட்டில ஒரு கலர், பகல் வெளிச்சத்தில வேற கலர், உள்ள பச்சையாத் தெரிஞ்சது வெளியில நீலமாப் போறதை எத்தினை தரம் பாத்திருக்கிறம். துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வாங்கோ, கழுத்தடியில வைச்சுப் பாருங்கோ, அதுக்காகத்தான் பெரிய கண்ணாடியைக் கழட்டி வாசல் பக்கம் மாட்டினனாங்கள்.

ஒரு அக்கா வாறவா, புருசன் இல்லை, ரெண்டு பிள்ளையள். எப்பவும் சாம்பல் இல்லாட்டி மண்ணிறம். ஒருநாள் மகளுக்குத் துணி பாக்க வந்து, மாம்பழ மஞ்சளில ஒரு கொட்டன் துணியை எடுத்து வாசலில நிண்டு தன்ர தோளில போட்டுப் பாத்தா, கனநேரம் பாத்தா, பிறகு விரலால நீவி நீவி முந்தி இருந்த மடிப்பிலயே மடிச்சுத் திருப்பித் தந்துட்டுப் போட்டா. ரெண்டு மாசம் கழிச்சு வந்து அந்தத் துணி கிடக்கோ எண்டு கேட்டா. கிடந்தது, நாங்கள் எடுத்து வைச்சிருந்தனாங்கள். தைச்சுப் போட்டு இப்ப வீட்டில மட்டும்தான் போடுறாவாம், படலைக்கு வெளியில இன்னும் இல்லையாம். எங்கட ஊரில இப்பிடி எத்தினை பேர் இருக்கினம் எண்டு உங்களுக்கே தெரியும். ஆரும் கலர் எடுத்தா எங்கட கடையில ஒருத்தரும் ஏன் எதுக்கு எண்டு கேக்க மாட்டினம், அவைக்குக் கலர் காட்டாமல் விடவும் மாட்டம்.

இருக்கிற உடுப்பை எல்லாம் தூக்கி எறியச் சொல்லேல்லை, காசு மரத்திலயா காய்க்குது. கறுப்புப் பாவாடையும் நேவி களிசானும் கிடக்கட்டும், முகத்துக்குக் கிட்ட வாற ஒண்டை மட்டும் மாத்துங்கோ, மேற்சட்டையோ தோளில போடுற சோலோ, அதில பட்டுத் தெறிக்கிற வெளிச்சம்தான் முகத்துக்கு வரும். சேர்க்கத் தெரியாது எண்டு பயப்பிடுற ஆக்கள் வீட்டில இருக்கிற பழைய சீலையை எடுத்து விரிச்சுப் பாருங்கோ, அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, நீலத்துக்குச் செம்மஞ்சள் தலைப்பு, எதிர்க்கலரை எதிர்க்கலரோட வைக்கிற வேலையை நெசவுகாரர் எப்பவோ செய்து தந்திட்டினம், நாங்கள் அதைப் பாத்து எடுத்தாப் போதும். ஒரு கலர் நிறைய, மற்றது கரை அளவுக்குக் கொஞ்சம்.

ஆம்பிளையளுக்கும் ஒண்டு சொல்லோணும். வீட்டில கட்டுற பத்திக் சாரத்தில ஊதா, பச்சை, செம்மஞ்சள் எல்லாம் இருக்கு, அதோட வடிவா முத்தத்தில இருக்கிறீங்கள், வெளியில போகேக்க மட்டும் வெள்ளையில கோடு போட்ட சேட். ஒரு கிளிப்பச்சை இல்லாட்டி மெரூன் சேட் போட்டுப் பாருங்கோ அண்ணை.

இனிச் சாயக் கதை. போன வருசம் கொழும்பில ஒரு மொத்தக் கடையில நம்பி எடுத்த மெரூன் துணி, ஒரு அம்மாவின்ர பிள்ளையின்ர வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையை முழுக்க ரோசாக்கிப் போட்டுது. சோதிக்காமல் வித்தது எங்கட பிழை, சட்டைக்குக் காசு குடுத்தம், ஆனா திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பிள்ளை எதைப் போட்டுது எண்டு இப்பவும் யோசிப்பம். அதுக்குப் பிறகு ஒவ்வொரு கட்டும் வந்த உடன வெள்ளைத் துணியை நனைச்சு பத்துத் தரம் உரசிப் பாக்கிறம், கலர் ஒட்டினா திருப்பி அனுப்புறம். நீங்களும் கடையிலயே உரசிப் பாக்கலாம், கோவிக்க மாட்டம்.

உப்புத்தண்ணியில ஊறவைச்சா சாயம் நிக்கும் எண்டு அம்மம்மா சொல்லித் தந்திருப்பா. சாயம் ஏத்துற இடத்தில உப்புப் போடுறது உண்மைதான், சாயத்தை நூலுக்குள்ள தள்ள அது உதவும், ஆனா ஏத்தி முடிஞ்ச துணியில ஒட்டாத சாயத்தை வீட்டு உப்பு பிடிச்சு வைக்காது. கொட்டன் நூலோடயே பிணையிற றியாக்டிவ் சாயம் 1956 இலதான் விக்க வந்தது, அப்பிடிச் சாயம் போட்ட துணி எண்டா முதல் ரெண்டு மூண்டு தோய்ச்சலில மிச்சம் மீதி கழண்டு போயிடும், பிறகு நிக்கும். அதுவரைக்கும் தனி வாளியில தோயுங்கோ.

கலர் மங்கிறதுக்குச் சாயம் மட்டும் காரணம் இல்லை, எங்கட கனக் கிணறுகளில தண்ணி கடினம், சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைப் படையா துணியில ஒட்டும், அதுதான் கலரை மூடுறது. கட்டிச் சவர்க்காரத்தை விட்டுட்டு வோஷிங் பவுடரில தோய்ச்சு ரெண்டு தண்ணியில அலசுங்கோ, மழைத்தண்ணி பிடிச்சு வைச்சிருந்தா கடைசி அலசலுக்கு அது இன்னும் நல்லம். உச்சி வெயிலில கொடியில போட வேண்டாம், வெயில் சாயத்தை உடைக்கும், உட்பக்கத்தை வெளியில திருப்பி மாமரத்துக்குக் கீழ போடுங்கோ, எங்கட காத்துக்குக் கெதியாக் காஞ்சிடும்.

கறுப்பு வேணும் எண்டு நிக்கிற ஆக்களுக்கு உள் றாக்கையில கொஞ்சம் இருக்கு, கேளுங்கோ எடுத்துத் தாறம். மற்ற ஆக்கள் வரேக்க வீட்டில இருக்கிற பாவாடையையோ சீலையையோ ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்கோ, வாசலில வைச்சுச் சேர்த்துப் பாப்பம். பின்னேரம் நாலு மணிக்கு முந்தி வாறது நல்லம், அதுக்குப் பிறகு வெளிச்சம் மஞ்சளாகீடும்.