டெய்கோஸின் உருட்டு உதை

ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் காலிங்வுட் அணியின் பீட்டர் டெய்கோஸை நினைவுகூரும் ரசிகர்கள் 250 ஆட்டம், 549 கோல் என்று கணக்குச் சொல்கிறார்கள். 1990இல் மட்டும் 97 கோல். அதுவும் கோலுக்கு நேர் முன்னே நிற்கும் முழு முன்கள வீரராக நில்லாமலே! ஆனால் அவர் வித்தை எல்லைக்கோட்டோரத்தில்தான் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் 6.4 மீட்டர் கோல் இடைவெளி கீற்றாகத்தான் தெரியும். பந்தைச் சாய்த்துப் பிடித்து, நடுவில் உதைக்காமல் ஓரத்தில் தாழ உதைப்பார். முட்டைவடிவப் பந்து தரையில் உருண்டபடியே வளைந்து நுழையும். சாய்வு சற்றுப் பிசகினால் பந்து எதிர்ப்பக்கம் துள்ளும். கம்பத்தில் பட்டாலோ கோலுக்குரிய ஆறு புள்ளிகள் போய், ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும். இதை வெறும் அதிர்ஷ்டம் என்பவர்கள் அவர் ஆட்டப் பதிவுகளை மெதுவாக ஓட்டி, பந்து பிடித்த கையைக் கவனிக்கட்டும்.

– ஒரு வாசகர்